தலைக்கு இவ்வளவு

டர்பனில் அன்று மழை.
நிதிப்பிரிவின் கமலசேன் படையாச்சி
புதுப்பிப்புக்கான விலைச்சீட்டை மேசையில் விரித்து
அதன்மேல் தேநீர்க் கோப்பையை வைத்தார்,
காற்றில் பறந்துவிடும் என்பதுபோல.
பறக்காது. டாலரில் எழுதியது.

மாணவர் தலைக்கு இவ்வளவு.
சேர்ந்த இரண்டாம் வாரமே
பணம் கட்ட முடியாமல் நின்றுபோன தலைக்கும்
இவ்வளவு.
ஐந்தாண்டு ஒப்பந்தம். முடிந்தால் இன்னோர் ஐந்து.
"கப்பல் ஒன்றுதான் பாக்கி" என்றார் அவர்.
அவர் வீட்டில் ஒரு முன்னோனுக்குப் பெயருக்கு முன் எண் உண்டு.
எனக்கு அப்படி எதுவும் இல்லை.
விமானத்தில் வந்தவள்; சர்வர் பார்க்க வந்தவள்.
என் விசாவும் ஐந்தாண்டு என்பதை
அப்போது சொல்லவில்லை.

அந்தச் சொல் சுட்டுத்தான் மாறினோம் என்று எழுத ஆசை.
ராண்ட் சரிந்தது. மாறினோம்.

பாளையங்கோட்டைக்குப் போன் செய்து
"திறமூலத்துக்கு மாறுறோம்" என்றேன்.
"மூலமா? டாக்டர்ட்ட காட்டினியா?" என்றாள் அக்கா.
விளக்கினேன்.
உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று
யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், திருத்தலாம்.
"அப்போ கெட்டுப்போனா யாரைத் திட்டுவே?"
அதுதான் கேள்வி.
துணைவேந்தர் குழுவில் ஒன்பது பேர்
மூன்று மணி நேரம் சுற்றிச்சுற்றிக் கேட்டதும்
அதையேதான்.

டிசம்பரில் பாடங்களை வெளியே எடுத்தோம்.
எங்கள் ஆசிரியர்கள் எழுதிய பாடங்கள்,
எங்கள் மாணவர்கள் போட்ட சண்டைகள்,
பதினோரு வருடம்.
பெட்டி அவர்களுடையது.
எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள்,
சாவி தராமல்.
நாற்பத்தாறு பாடங்கள் வெறும் தலைப்பாக வந்து சேர்ந்தன.
உடற்கூறியல் ஃபூரி தொலைபேசியில் கத்தினார்.
அவர் வரைந்த முழங்கை, அவர் வரைந்த மணிக்கட்டு
எல்லாமே சின்னச் சின்னச் சாம்பல் கட்டங்கள்.
பேசாமல் கேட்டுக்கொண்டேன்.
அவர் கத்தியது நியாயம்.

நோகுகன்யா ம்தெத்வா என்னோடு வேலை செய்பவள்.
பேசுவது குறைவு, மிளகாய் அதிகம்.
தேர்வின் நடுவே மின்சாரம் போனால்
எழுதிய விடையும் போகும், பழைய ஏற்பாட்டில்.
நிறுவனத்துக்கு மூன்று முறை எழுதியிருக்கிறாள்.
மின்வெட்டு எங்கள் பொருளின் குறை அன்று
என்று பதில் வந்தது, மூன்று முறையும்,
மிக மரியாதையாக.

ஃபிப்ரவரியில் ஒரு ராத்திரி
புதிய ஏற்பாட்டின் உள்ளே போனாள்.
முப்பத்தோரு வரி.
முதல் முயற்சியில் ஒவ்வொரு விடையும் இருமுறை பதிவாகி
செவிலியர் வகுப்பு ஒரு நாள் முழுக்க
நூற்றுக்கு இருநூறு வாங்கியது.
யாரும் புகார் சொல்லவில்லை
என்பதை நான் குறித்து வைத்திருக்கிறேன்.

போகிற போக்கில், யாரையும் கேட்காமல்,
விடை அனுப்பும் பொத்தானின் ஆங்கிலத்தை அழித்து
துமேலா என்று வைத்தாள்.
அனுப்பு.
அவ்வளவுதான், ஒரு சொல்.
அந்தச் சொல்லுக்கு முன்பு
ஒரு விண்ணப்ப எண் இருந்தது,
பரிசீலனையில் இருந்தது,
நான் இந்த ஊருக்கு வருவதற்கும் முன்னாலிருந்து.

"ஆக, இலவசம்தானே?" என்றார் படையாச்சி மார்ச்சில்.
இல்லை.
இன்னும் இரண்டு பேர் வேண்டும் என்றேன்.
ஒருவரைக் கொடுத்தார்.
அந்த ஒருவரும் மே மாதம்தான் வருகிறார்.
அதுவரை, இரவில் ஏதாவது உடைந்தால்
அலறுவது என் தலைமாட்டுப் போன்.
அக்கா, திட்ட ஆள் கிடைத்துவிட்டது.

நேற்று விடியுமுன் பதிவேட்டைப் படித்துக்கொண்டிருந்தேன்.
உம்லாசியிலிருந்து ஒரு மாணவி, பெயர் எனக்குத் தெரியாது,
பதிவேடு பெயர் சொல்லாது.
இரவு எட்டு மணி ஒரு நிமிடம்: இணைப்பு அறுந்தது.
பத்து முப்பத்துமூன்று: இணைப்பு வந்தது.
பதினாலாம் கேள்வி.
"காயத்தைக் கழுவுமுன் முதலில்" வரை எழுதியிருந்தாள்.
அந்த வரி அங்கேயே இருந்தது.
பத்து முப்பத்துநான்குக்கு
அடுத்த சொல்லை எழுதினாள்.